ஆடிக்கு மாற்றச் சொல்கிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வந்த தென்னாப்பிரிக்கப் பயணக் கட்டுரையை, பரதம் படிக்கச் சென்னைக்குப் போயிருக்கும் என் பேத்தி படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கட்டுரையாளர் எங்கள் ஊருக்கும் வந்திருக்கிறார். மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் குட் ஃப்ரைடே அன்று திருவிழா நடப்பதைப் பார்த்துவிட்டு மிகவும் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர்களின் துக்க நாளில் அம்மனுக்குத் திருவிழா எடுக்கிறார்களாம். பஞ்சாங்கத்தைத் தொலைத்துவிட்ட பாவப்பட்ட சனங்களாம். தமிழகத்திலிருந்து யாராவது போய்ச் சொல்லிக்கொடுத்து விழாவை ஆடி மாதத்துக்கு மாற்றித் தரவேண்டுமாம்.

அவர் எங்களைப் பற்றி அன்பாகத்தான் எழுதியிருக்கிறார், அதில் சந்தேகமில்லை. கூழைக்கூடப் புகழ்ந்திருக்கிறார். ஆனால் இதே ஆலோசனையை இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலரும் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்து அந்த வருஷம் விழாவே நடக்காமல் போனபோது, இதையே சாக்காக வைத்து ஆடிக்கு மாற்றிவிடலாமே என்று ஒரு பேச்சு கிளம்பியது. அப்போதே நான் பதில் சொல்லியிருக்கிறேன். இப்போது உங்கள் பத்திரிகையிலேயே அச்சில் வந்துவிட்டதால், ‘பார்த்தீர்களா, ஊரிலேயே சொல்லிவிட்டார்கள்’ என்று அதைக் காட்டப்போகிறார்கள். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் வேலை பார்த்தவள், சுருக்கிச் சொல்லிப் பழக்கமில்லை.

எங்கள் ஊர் டர்பனுக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர். என் பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்தவர். கப்பல் பதிவேட்டில் அவருடைய ஜில்லா, தாலுகா, கிராமம், தகப்பன் பெயர் எல்லாம் இருக்கின்றன. அப்பா சர்க்கரை ஆலையில் பாகு காய்ச்சும் பகுதியில் இருந்தார். என் வீட்டுக்காரர் அதே ஆலையில் ஃபிட்டர். நான் மட்டும் ஆலைக்குப் போகவில்லை, தமிழ் சொல்லிக்கொடுக்கப் போனேன். முதலில் பாரக்ஸ் என்ற ஆலைத் தொழிலாளர் வரிசை வீடுகள் பக்கம் சாயங்காலப் பள்ளிக்கூடம். பிறகு 1984-இல் இந்தியர் பள்ளிகளில் தமிழைப் பாடமாகச் சேர்த்தபோது அரசாங்க வேலை. என் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் இப்போது இல்லை. அது வேறு கடிதம்.

ஆலை எப்படி ஓடியது என்று தெரிந்துகொண்டால்தான் திருவிழா ஏன் அந்த நாளில் வந்தது என்பது புரியும். எங்களுக்குக் கரும்பு அரவை ஏப்ரல் வாக்கில் தொடங்கி டிசம்பர் வரை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஆலை நிற்கும். நிற்கும் என்றால் சும்மா கிடக்காது. உருளைகளைக் கழற்றுவார்கள், பாய்லர் குழாய்களைச் சுரண்டுவார்கள், என் வீட்டுக்காரர் போன்ற ஃபிட்டர்களுக்கு அப்போதுதான் இடுப்பு ஒடியும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் இருக்கும். அரவை தொடங்கிவிட்டால் அதுவும் கிடையாது. வெட்டிய கரும்பை வைத்திருக்க முடியாது, நாளாக நாளாகச் சர்க்கரை இறங்கிவிடும். சருகு போகத் தீ வைத்து வெட்டிய கரும்பென்றால் இன்னும் மோசம். வயலில் ஒரு பக்கம் வெட்டிக்கொண்டே இருக்கவேண்டும், ஆலை ஒரு பக்கம் அரைத்துக்கொண்டே இருக்கவேண்டும். காலை ஆறு மணிக்கு ஒரு ஹூட்டர் (ஆலைச் சங்கு), பகல் இரண்டுக்கு ஒன்று, இரவு பத்துக்கு ஒன்று. குழந்தைகளைத் தூங்கவைப்பதும் அந்தப் பத்து மணி ஹூட்டர்தான்.

இதில் ஆடி மாதம் எங்கே வருகிறது? ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. எங்களுக்கு அது குளிர்காலம், மழையில்லாத காலம். கரும்பில் சர்க்கரை ஏறி நிற்கும், ஆலை முழு மூச்சில் ஓடும். சாயங்காலத்தில் வயல்களுக்குத் தீ வைப்பார்கள். மறுநாள் காலை வரை கரி பறந்து வரும், விரல் நீளத்துக்குக் கறுப்பு இழைகள். அம்மா கொடியில் வெள்ளைத் துணி காயப்போட்டிருந்தால் ஓடிப் போய் எடுக்கவேண்டும். எடுக்கும்போது கையால் தட்டிவிடக்கூடாது, தட்டினால் கோடு இழுத்துக்கொண்டு கறை பிடித்துவிடும். துணியின் இரண்டு மூலையைப் பிடித்து ஒரு உதறு உதறவேண்டும், கரி அப்படியே உதிர்ந்துவிடும். எனக்கு ஆடி என்றால் இதுதான் ஞாபகம். தமிழ்நாட்டில் ஆடியில் காவிரி பொங்குகிறது. ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்கிறீர்கள். எங்கள் ஆடியில் ஆறு வற்றிக் கிடக்கும். விதைப்பதெல்லாம் செப்டம்பர், அக்டோபரில் மழை வந்தபிறகுதான். பூமியின் அந்தப் பக்கத்து மாதத்தைப் பெயரளவில் எடுத்துவந்து இந்தப் பக்கத்தில் ஒட்டினால் அதற்குப் பஞ்சாங்கத்தை மதிப்பது என்று பேரா?

அப்பா ஆடியில் பகல் வெளிச்சத்தில் வீட்டில் இருந்ததே அபூர்வம். பாகு காய்ச்சுகிறவர்கள் கையில் சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்று இருக்கும். கொதிக்கும் பாத்திரத்திலிருந்து கொஞ்சம் பாகை எடுத்து அதில் தடவி, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். சர்க்கரை மணி பிடித்திருக்கிறதா, எல்லாம் ஒரே அளவில் இருக்கிறதா, இடையில் பொடி மணி சேர்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்தே சொல்லவேண்டும். தவறவிட்டால் ஒரு பாத்திரம் முழுக்கப் போயிற்று. அந்த இடத்தில் நிற்கிற ஆளுக்கு, ‘இன்றைக்கு ஆடி வெள்ளி, அம்மனுக்குக் கரகம் எடுக்கணும்’ என்று சொல்லிவிட்டு வர வழியில்லை.

இது அப்பா காலம். பாட்டன் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ என்ற கப்பலில் தொடங்கி 1911 வரை எங்கள் பகுதியான நேட்டாலுக்கு 1,52,184 பேர் ஒப்பந்தத்தில் வந்தார்கள். அதில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும், அரிசி பருப்பு ரேஷன் தனி. தோட்டத்தை விட்டு வெளியே போகவேண்டுமென்றால் கையில் சீட்டு வேண்டும். அந்தச் சனங்கள் 1890-இல் எழுப்பியது எங்கள் மாரியம்மன் கோயில். தோட்டத்துக்காரர்கள் கிறிஸ்துமசுக்கும் ஈஸ்டருக்கும் வேலையை நிறுத்துவார்கள், ஏனென்றால் அது அவர்களுடைய பண்டிகை. இந்தியருக்கென்று முஹர்ரத்துக்கு லீவு விட்டார்கள். வெள்ளைக்காரர்கள் அதைக் கூலி கிறிஸ்துமஸ் என்றே சொன்னார்கள். அதில் முஸ்லிம்களோடு நம் ஆட்களும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கிடைத்த லீவை விடுவார்களா? ஈஸ்டர் சமயத்தில் கிடைத்த லீவில் அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். அவ்வளவுதான் விஷயம். இசிபிங்கோ மாரியம்மன் கோயிலிலும் ஈஸ்டரை ஒட்டித்தான் பெருவிழா. அங்கேயும் அதே கதைதான்.

அரவை மாதத்தில் வேலையை நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கும் எங்கள் மண்ணில் சாட்சி இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தபின் இங்கேயே தங்குகிறவர்கள் வருஷத்துக்கு 3 பவுன் வரி கட்டவேண்டும் என்பதை எதிர்த்து 1913-இல் காந்தி வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் தொடங்கியது கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. நவம்பர் மாதம், அரவை நடக்கிற நேரம். மவுண்ட் எட்ஜ்கோம்பைச் சேர்ந்த தோட்டங்களில் சுட்டார்கள், நம் ஆட்கள் செத்தார்கள். காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்பு எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. உங்கள் கட்டுரையாளர் அதையும் போய்ப் பார்த்துப் படம் எடுத்திருக்கிறார், சந்தோஷம். அடுத்த வருஷமே, 1914-இல், அந்த வரி நீக்கப்பட்டது. இந்தத் தோட்டங்களின் பேரனும் பேத்தியும்தான் இன்று திருவிழா வரிசையில் நிற்கிறவர்கள்.

பஞ்சாங்கம் தெரியாது என்ற பேச்சுக்கு வருகிறேன். தைப்பூசக் காவடியை இங்கே யாரும் வேறு மாதத்துக்குத் தள்ளவில்லை. தை மாதத்தில்தான் எடுக்கிறோம், அன்றைக்கும் இன்றைக்கும். ஏன் முடிந்தது? ஜனவரி, பிப்ரவரியில் ஆலை நிற்கும். புரட்டாசியில் மாமிசத்தை விடுகிறோம், மாதம் முழுக்க. அந்த மாதத்தில் இங்கே கோழி விற்கிறவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும். அரவை நடக்கும் மாதம்தான், ஆனால் கறி சாப்பிடாமல் இருக்க எவனிடமும் லீவு கேட்கவேண்டாமே. ஆடியையும் நாங்கள் மறக்கவில்லை. ஆடியில் ஊருக்கு ஊர் கூழ் ஊற்றுகிறோம். இங்கிலீஷ் மட்டுமே பேசுகிற எங்கள் பிள்ளைகள் அதற்குப் ‘பாரிட்ஜ் பிரேயர்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு சனி ஞாயிறு போதும், வாசலில் ஒரு பானை போதும். தெரியாதவர்களா இப்படிப் பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்திருப்பார்கள்? எதற்கு லீவு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று கணக்குப் போட்டு, பெரிய விழாவைப் பெரிய லீவிலும் சின்ன விழாவைச் சின்ன லீவிலும் வைத்தார்கள். பஞ்சாங்கம் தெரிந்தவன்தான் அதை இப்படி வளைக்க முடியும்.

இன்னொன்று. மாரியம்மன் என்றாலே ஆடிதான் என்று யார் சொன்னது? சமயபுரத்துத் தேர் சித்திரையில். ஈரோடு பெரிய மாரியம்மனுக்குப் பங்குனியில். பண்ணாரியில் குண்டம் இறங்குவதும் பங்குனியில். குட் ஃப்ரைடே எப்போது வரும்? மார்ச் 20-க்கு முன்னால் வராது, ஏப்ரல் 23-க்குப் பின்னால் போகாது. அதாவது பங்குனி முதல் வாரத்திலிருந்து சித்திரை பத்தாம் தேதி வாக்குக்குள். அது மட்டுமில்லை, ஈஸ்டரே நிலாவைப் பார்த்து வைக்கிற பண்டிகைதான். மார்ச் 21-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு ஈஸ்டர், அதற்கு இரண்டு நாள் முந்தி வருகிற வெள்ளி புனித வெள்ளி. அப்படியென்றால் பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி வரும், இல்லையென்றால் சித்திராப் பௌர்ணமியை ஒட்டி வரும். 2023-இல் பங்குனி உத்திரம் கழிந்த இரண்டொரு நாளில் வந்தது. 2024-இல் உத்திரம் வந்த அதே வாரத்தின் வெள்ளி. பங்குனியோ சித்திரையோ, பௌர்ணமிக்குப் பக்கத்து வெள்ளிக்கிழமையில் அம்மனுக்கு விழா என்று தமிழ்நாட்டில் எந்த ஊரிலாவது சொன்னால், ‘சரி, நல்ல நாள்தான்’ என்பார்கள். எங்களைப் பார்த்தால் மட்டும் பரிதாபம் வந்துவிடுகிறது.

பழைய ஆட்கள் இந்தப் பௌர்ணமிக் கணக்கெல்லாம் பார்த்துத்தான் வைத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. லீவு கிடைத்தது, வைத்தார்கள். ஆனால் கிடைத்த நாள் அம்மனுக்கு ஒவ்வாத நாள் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கும்.

எங்களைத் திருத்த இந்தியாவிலிருந்து ஆள் வருவதும் புதிதில்லை. 1908-இல் சுவாமி சங்கரானந்தர் என்று ஒருவர் நேட்டாலுக்கு வந்தார். இந்துக்கள் முஹர்ரத்தில் போய்க் கூத்தாடக்கூடாது, தீபாவளிக்கு லீவு கேளுங்கள் என்று ஊர் ஊராகப் பேசினார். நகரசபைகளிடமும் ரயில்வேயிடமும் தீபாவளியை எடுத்துச் சொன்னவர் அவர். தீபாவளிக்காக அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் முஹர்ரத்தில் பக்கத்து வீட்டுக்காரனோடு தோளில் தோள் உரசி நடந்ததை விடச்சொன்னாரே, அதில் எங்களுக்குக் கிடைத்ததைவிடப் போனதுதான் அதிகம் என்று என் மாமனார் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த எண்ணம்தான். குட் ஃப்ரைடே அன்று எங்கள் கோயில் வரிசையில் தமிழ்க் கிறிஸ்தவர்களும் நிற்பார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு அக்கா காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் அம்மனுக்குச் சிவப்புச் சேலையும் தேங்காயும் கொண்டுவருவார், பிள்ளைக்கு அம்மை போட்டபோது நேர்ந்துகொண்டதாம். அவருக்கே குழப்பம் இல்லாதபோது கட்டுரையாளருக்கு எதற்கு?

அம்மை என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊரில் வேப்பமரம் எளிதில் கிடைக்காது. அம்மை போட்ட வீட்டு வாசலில் நாங்கள் கட்டுவது சிரிங்கா இலை, நீங்கள் மலைவேம்பு என்று சொல்கிற மரம். ஆயா அந்த இலையை மஞ்சள் தண்ணீரில் போட்டுக் குளிப்பாட்டுவார். கூழுக்குக் கேழ்வரகு கிடையாது. மீலி மாவை, அதாவது மக்காச்சோள மாவை, முந்தின நாள் இரவே கரைத்துப் புளிக்கவைத்து, காய்ச்சி, புளித்த தயிரும் பச்சை மிளகாயும் வெங்காயமும் சேர்ப்போம். கட்டுரையாளர் இரண்டு தம்ளர் குடித்ததாக எழுதியிருக்கிறார். அந்தக் கூழ் சோளக் கூழ் என்பதற்காக அவர் வருத்தப்படவில்லை.

இந்த இடத்தில் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒரு செய்தி சொல்லவேண்டும், கட்டுரையில் அது விட்டுப்போயிற்று. எங்கள் ஊரில் 1925-லிருந்து கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்தக் காலத்தில் நேட்டால் முழுக்க ‘ஊபா’ என்ற ஒரே ரகம். அதற்கு நோய் விழுந்தது, மாற்று தேடினார்கள். எங்கள் குளிரில் கரும்பு பூத்தாலும் நல்ல விதை பிடிக்காது. அதனால் கோயம்புத்தூரில் கோ 421-ஐயும் கோ 312-ஐயும் ஒட்டி எடுத்த விதையை வரவழைத்து, எங்கள் ஊரில் முளைக்கவைத்து, அந்த நாற்றுகளில் இந்த மண்ணுக்கும் குளிருக்கும் தாங்கியதைப் பொறுக்கினார்கள். 1945-இல் வெளிவிட்டார்கள், பெயர் என்கோ 310. ‘என்’ நேட்டாலுக்கு, ‘கோ’ கோயம்புத்தூருக்கு. அது பிறகு எத்தனையோ நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்பா இந்தக் கரும்பைப் பற்றிப் பேசும்போது மட்டும், ‘நம்ம ஊருப் புள்ள’ என்பார். அவர் கோயம்புத்தூரைப் பார்த்ததில்லை, எங்கள் பூர்வீகம் வட ஆற்காடு வேறு. அந்தக் கரும்பையும் நாங்கள் ஏப்ரலுக்குப் பிறகுதான் வெட்டினோம்.

சரி, ஆலைக்காக வைத்த நாள் என்றால், ஆலையே போய்விட்டதே, இப்போது மாற்றினால் என்ன என்று கேட்பார்கள். எங்கள் பிள்ளைகளும் அதைத்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

ஆலையை 1994-இல் மூடினார்கள். நாங்கள் எல்லோரும் முதல்முறையாக ஓட்டுப் போட்ட அதே வருஷம். அந்த வருஷத்துக் குட் ஃப்ரைடே ஏப்ரல் 1. முந்தின நாள்தான் நேட்டாலில் கலவரம் முற்றி நெருக்கடி நிலை அறிவித்திருந்தார்கள். போகலாமா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் ராத்திரி வரைக்கும் பேச்சு. அம்மா ஒன்றும் சொல்லாமல் விடியற்காலையில் எழுந்து தலைக்குக் குளித்துவிட்டு மஞ்சள் துணியில் காசு முடிந்துகொண்டிருந்தார். அப்புறம் என்ன, எல்லோரும் போனோம்.

ஹூட்டர் நின்றபிறகு ஊர் கலைந்தது என்று சொல்ல முடியாது, அதற்கு முன்பே கலைய ஆரம்பித்துவிட்டது. 1976-இல் ஃபீனிக்ஸ் நகரியம் வந்ததும் பாரக்ஸ் குடும்பங்கள் ஒவ்வொன்றாக அங்கே போயின. கரும்பு நின்ற மேடுகளில் இன்று சுவர் வைத்த கோல்ஃப் குடியிருப்பு, வாசலில் காவல்காரன், உள்ளே போக நம்பர் கேட்கிறான். என் வீட்டுக்காரர் போல்ட் முடுக்கிய ஆலைப் பக்கத்தில் இப்போது ஆபீஸ்களும் கடைகளும். அம்ஷ்லாங்கா மேட்டில் பெரிய மால், கொஞ்சம் தள்ளி கோர்னூபியா என்று புதிதாக ஒரு ஊரே, வடக்கே 2010-இல் திறந்த விமான நிலையம். எல்லாமே கரும்பு நின்ற நிலம். புதிதாக வந்தவர்களில் நல்லவர்கள் நிறைய. விழா அன்று போக்குவரத்து நெரிசல் என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. வருஷத்தில் ஒரு நாள்தானே, பொறுத்துக்கொள்ளட்டும்.

பாரக்சில் ஒரே வரிசையில் குடியிருந்தவர்களின் பிள்ளைகள் இன்று டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் பிரிட்டோரியாவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் லீவு எப்போது? தீபாவளிக்கு இந்த நாட்டில் அரசு விடுமுறை இல்லை, இன்றுவரை இல்லை. ஆடி வெள்ளிக்குக் கேட்கவே வேண்டாம். குட் ஃப்ரைடே விடுமுறை. ஈஸ்டர் திங்களும் ‘குடும்ப நாள்’ என்று விடுமுறை. சேர்த்து நாலு நாள் கிடைக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டி, வியாழன் ராத்திரியே வந்து, பெரியம்மா வீட்டில் தரையில் பாய் போட்டுப் படுத்து, விடியற்காலை நாலு மணிக்கு வரிசையில் நிற்கிறார்கள். கையில் தேங்காய், பால் பாட்டில், வாழைப்பழம், சிவப்புச் சேலை. சிலர் கையில் கால் கட்டிய கோழி. வெயில் ஏற ஏற வரிசை சாலை வரைக்கும் நீளும். வரிசையில் நிற்கும்போதுதான் எத்தனையோ கல்யாணப் பேச்சு முடிகிறது, எத்தனையோ பழைய சண்டை தீர்கிறது. ‘நீ பாய்லர் சுப்பையா பேத்திதானே’ என்று முகத்தை வைத்தே கண்டுபிடிக்கிற கிழவிகள் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். ஆலைக்காரன் லீவு விட்டதால் வந்த நாள்தான். ஆனால் அந்த நாளில்தான் எங்கள் சனம் ஒன்று சேர முடிகிறது, அது ஆலையோடு மூடப்படவில்லை. ஆகஸ்ட் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமைக்கு மாற்றினால் அர்ச்சகரும், கமிட்டியும், என்னைப் போல ஓய்வூதியம் வாங்குகிற கிழடுகளும் மட்டும் இருப்போம். சாஸ்திரப்படி நடக்கும், சந்தேகமில்லை.

தமிழ் பேசவே தெரியாத பிள்ளைகள் சாமி கும்பிடுவதைப் பார்த்தும் கட்டுரையாளர் மனம் நொந்திருக்கிறார். எனக்கும் நோகிறது. அதற்கு விழா நாளை மாற்றுவதா வழி? இந்த நாட்டு அரசியல் சட்டத்திலேயே, மதிப்புக் கொடுத்து வளர்க்கவேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பெயர் இருக்கிறது. தமிழ்நாட்டில் மனம் நோகிறவர்கள் நாலு நல்ல ஆரம்பப் பாடப் புத்தகங்களை, இங்கிலீஷ் மட்டுமே தெரிந்த பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எழுதி அனுப்பினால், என் சாயங்கால வகுப்புக்கு எடுத்துக்கொள்வேன். வருகிற பிள்ளைகள் கொஞ்சம்தான், ஆனால் வருகிறார்கள். இங்கே எங்கள் கைக்கு வருகிற புத்தகத்தில் முதல் பாடமே வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளையை வைத்து எழுதியிருக்கிறது. ‘அணில்’ படத்தைக் காட்டினால் எங்கள் பிள்ளைகளுக்கு அது குரங்குக் குட்டியா என்று சந்தேகம்.

கடைசியாக இரண்டு திருத்தங்கள். கட்டுரையோடு வந்த இரண்டாவது படத்தின் கீழே ‘இன்றும் இயங்கும் சர்க்கரை ஆலை’ என்று போட்டிருக்கிறீர்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப் ஆலை 1994-லேயே நின்றுவிட்டது, படத்தில் இருப்பது வேறு எந்த ஊர்க் கட்டடமோ. மாரியம்மன் கோயிலைச் ‘சமீபத்தில் கட்டப்பட்டது’ என்கிறது இன்னொரு வரி. புதிதாகப் பெயிண்ட் அடித்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார் போலிருக்கிறது, 1890 என்று போடுங்கள். கட்டுரையாளர் மறுபடி வருவதாக இருந்தால் வியாழக்கிழமை மதியத்துக்குள் வந்துவிடச் சொல்லுங்கள், அதற்குமேல் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. வெயிலுக்குத் தொப்பியும் கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி,
மவுண்ட் எட்ஜ்கோம்ப், குவாசூலு–நேட்டால்.